கண்ணில் கசிவது நரம்பு அல்ல, குருதிக்குழாய்

போன மாதம் எங்கள் தோட்டப்புற டவுனில் இனிப்புநீர்க்காரர்களுக்குக் கண் பரிசோதனை. அத்தையின் விழித்திரைப் படம் கணினியில் வந்தது. மஞ்சள் வட்டு ஒன்றிலிருந்து சிவப்புக் கோடுகள் கிளைவிட்டு ஓடின. நடுவுக்குச் சற்றுத் தள்ளி நாலைந்து சிவப்புப் பொட்டுகள். தமிழில் விளக்கியவர், "கண் நரம்புல ரத்தம் கசியுதும்மா" என்றார். வீட்டுக்கு வந்ததும் அத்தை நரம்பு மாத்திரை வாங்கி வரச் சொன்னார். சீனியைக் குறைக்கும் பேச்சு காதில் ஏறவே இல்லை. இந்தக் 'கண் நரம்பு' எத்தனை பேரை இப்படித் திசை திருப்பியிருக்கிறதோ!

ரெட்டினா, வலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் விழித்திரை நிலைத்துவிட்டது, நல்ல சொல். என் வாதம் அதில் ஓடும் குழாய்களின் பெயரைப் பற்றியது.

'நரம்பு பழந்தமிழ், ரத்தம் ஓடுவதையும் குறிக்கும்' என்பார்கள். உண்மைதான். யாழின் தந்தியும் நரம்பு, இலையில் ஓடுவதும் நரம்பு. "நரம்பு எழுந்து உலறிய நிரம்பா மென்தோள்" என்று புறநானூறு (278) முதியவளின் தோளில் புடைத்து நிற்பதைச் சொல்கிறது. கண்ணுக்குத் தெரிவதைப் பாடிய புலவருக்கு அது போதும். உணர்வைக் கடத்துவதற்கு நரம்பு என்று இன்று நாம் ஒதுக்கிவிட்டோம். அதே சொல்லை ரத்தத்துக்கும் வைத்தால் விழித்திரையில் எதையுமே விளக்க முடியாது.

அன்று கையில் கொடுத்த தாளைப் பாருங்கள்: விழித்திரையின் மையம் 'நரம்பில்லாப் பகுதி'யாம்! அரை மில்லிமீட்டர் அளவுள்ள அந்த இடத்தில் இல்லாதது குருதிக்குழாய். ஒளியை உணரும் கூம்பணுக்கள் மிக நெருக்கமாக நிற்பதும், எழுத்தை வாசிக்க உதவுவதும் அங்கேதான். குறுக்கே குழாய் ஓடினால் ஒளியை மறைக்கும். அதனால் பின்னாலிருக்கும் கோராய்டு படலம் அதற்கு ஊட்டம் தருகிறது. மஞ்சள் வட்டு இதற்கு நேர்மாறு. பார்வை நரம்பு வெளியேறுவதும் குழாய்கள் நுழைவதும் அவ்வழியே. ஆனால் ஒளியுணரும் அணு அங்கே ஒன்றுகூட இல்லை, பார்வையும் இல்லை. வட்டைச் சுற்றி நுண்குழாய்கள் நான்கு அடுக்காக இருக்கும், ஓரத்துக்குப் போகப் போக ஒன்றாகக் குறையும், விளிம்பில் அதுவும் இராது. நெற்றிப்பொட்டுப் பக்கத்துக் கிளைகள் மையத்தைச் சுற்றி வில்லாக வளையும், மூக்குப் பக்கத்தவை ஏறக்குறைய நேராக ஓடும். இத்தனை வேறுபாட்டையும் 'நரம்பு' விழுங்கிவிடுகிறது.

'இரத்த நாளம்' தேவலை. ஆனால் தமிழ்நாட்டில் நாளம் எல்லாக் குழாய்க்கும் பொது, இலங்கையில் அது இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் சிரைக்கு மட்டும். இதயத்திலிருந்து கொண்டுபோகும் தமனியை அவர்கள் நாடி என்பார்கள். இரண்டு நாட்டு நூல்களும் புழங்கும் நம் மலேசியாவில் இது புதுக் குழப்பம். ஆகவே என் தேர்வு குருதிக்குழாய். மிக மெல்லியது நுண்குழாய். மலாய்ப் பேச்சில் 'ஊராட்' நம் நரம்பைப் போலவே எல்லாவற்றையும் குறிக்கும். ஆனால் சுகாதாரக் குறிப்புகளில் 'சாலூர் டாரா' என்று பிரித்து எழுதுகிறார்கள். நம் மொழிபெயர்ப்பாளர்களுக்கு மட்டும் ஏன் இந்த அலட்சியம்?

அத்தை முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். "பட்டைக்குள்ள பால் ஓடுற குழா மாதிரி, கண்ணுக்குள்ள ரத்தம் ஓடுற குழா, அத்தை. சீனி கூடினா அதோட சுவர் கெட்டுக் கசியும்" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப அந்த மாத்திரை வேணாம்" என்று தேநீரைச் சீனி போடாமல் கலக்கச் சொன்னார்.