பேலன்ஸ்: காலுக்கு ஏற்ற தமிழ்ச்சொல் எது?

மாநகரப் பேருந்தில் நடத்துநரிடம் ‘பேலன்ஸ்’ கேட்டால் அது மீதிச் சில்லறை. வங்கிக் கணக்கில் அதுவே இருப்பு. சரி, மழை நாளில் மாடிப்படியில் கால் சறுக்கி, ‘பேலன்ஸ் போயிடுச்சு’ என்கிறோமே, அதற்கு என்ன தமிழ்?

சொல்லின் வேர் லத்தீன். ‘பி’ என்றால் இரண்டு, ‘லாங்க்ஸ்’ என்றால் தட்டு. இரட்டைத் தட்டுத் தராசைக் குறித்த சொல், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. பாடநூல்கள் சொல்லும் ‘சமநிலை’ தராசுக்கு நன்றாகவே பொருந்துகிறது. நடக்கிற உடம்புக்கு அது போதாது என்பது என் எண்ணம். தராசு அசையாமல் நின்றால்தான் சமநிலை. நாமோ ஒவ்வோர் அடியிலும் முன்னே சாய்ந்து, விழுவதற்குள் அடுத்த காலை ஊன்றிக்கொள்கிறோம்.

காசிமேட்டில் ஐஸ் உருகிய நீரும் செதிலும் கலந்த தரையில் கூடை சுமந்து வரும் மீன்கார அக்காவின் பாதங்களைப் பாருங்கள். குதிகாலைக் குத்தி வைக்க மாட்டார்; பாதம் முழுவதையும் ஒருசேரப் பதிப்பார். கால்விரல்கள் விரிந்து தரையைப் பற்றும். முழங்கால் லேசாக மடங்கியிருக்கும், அடிகள் குட்டை குட்டையாக விழும். வழுக்கல் பெரும்பாலும் குதிகால் தரையைத் தொடும் நொடியில்தான் தொடங்குகிறது. எட்டி வைத்த கால் தரையை முன்னோக்கித் தள்ளும். உராய்வு போதாவிட்டால் கால் முன்னே ஓடிவிடும், உடம்பு பின்னால் சாயும். அடி குட்டையானால் அந்தத் தள்ளல் குறைகிறது, உடல் எடையும் பாதத்தைவிட்டு அதிகம் விலகுவதில்லை. அப்படியும் சறுக்கினால், உள்காதில் திரவம் நிரம்பிய மூன்று அரைவட்டக் குழல்கள் தலையின் சுழற்சியை உணரும். கண்ணும் கணுக்கால் தசையும் பாதத்தின் தோலும் தத்தம் சேதியை அனுப்பும். நாம் யோசிப்பதற்கு முன்பே கைகள் விரிந்துவிடும்.

இந்த அனுபவத்துக்குத் தமிழில் பழைய சொற்கள் உண்டு. குறள் 415 வழுக்கும் நிலத்தை ‘இழுக்கல்’ என்கிறது, அங்கே துணையாகும் தடியை ‘ஊற்றுக்கோல்’ என்கிறது. இன்றைய ஊன்றுகோல்தான் அது. ‘வழு’ என்றால் பிழை. வழுக்கு, வழுவு எல்லாம் அதன் உறவுகள். பிழையற்ற தொடரை இலக்கணத்தில் ‘வழாநிலை’ என்பார்கள். வழுவாமல் நிற்கும் நிலை! காலுக்கும் பொருந்தும்தான், ஆனால் இலக்கணம் அதை எடுத்துக்கொண்டுவிட்டது.

அப்புறம் என்ன சொல்லலாம்? ‘நிலைகொள்ளல்’ என்பேன். ‘நிலை தடுமாறி விழுந்தார்’ என்று ஏற்கெனவே எழுதுகிறோம். நவம்பர் வந்தால் ‘வங்கக் கடலில் நிலைகொண்டுள்ள தாழ்வு மண்டலம்’ என்று தினமும் செய்தியில் கேட்கிறோம். அந்த மண்டலமும் ஓரிடத்தில் இருந்தபடியே சுழன்றுகொண்டுதான் இருக்கிறது. அதனால், ‘பேலன்ஸ் பண்ணி நட’ என்பதை ‘நிலைகொண்டு நட’ எனலாம். வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் இன்னும் எளிதாக, ‘காலை ஊன்றி நட’ என்பார்கள்.