நொதியா, நொதியமா? என்சைமுக்கான தமிழ்ச்சொல்

இட்லி மாவு பொங்கினால் ‘புளித்துவிட்டது’ என்கிறோம். நுரைத்துப் பொங்குவதற்குத் தமிழில் இன்னொரு வினையும் உண்டு: நொதித்தல். உயிர்களில் வேதிவினைகளை விரைவுபடுத்தும் பொருளான என்சைமுக்கு அதன் அடியிலிருந்துதான் ‘நொதி’ என்ற பெயர் வந்தது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் நொதி, இலங்கையில் நொதியம்.

மூலச்சொல்லுக்கும் மாவுக்கும் உறவு உண்டு. கிரேக்கத்தில் ‘என்’ என்றால் உள்ளே. ‘சைமே’ என்றால் புளித்த மா. ஜெர்மானிய உடலியலாளர் வில்ஹெல்ம் கூனே 1877 இல் இரண்டையும் சேர்த்து இந்தச் சொல்லை ஆக்கினார். அதற்கு ஒரு தேவை இருந்தது. அதுவரை ‘ஃபெர்மென்ட்’ என்ற ஒரே சொல் உயிருள்ள ஈஸ்ட்டையும் குறித்தது. 1833 இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் பாயெனும் பெர்சோவும் முளைவிட்ட பார்லிச் சாற்றில் ஆல்கஹால் சேர்த்துப் படியவைத்த, மாவுச்சத்தைச் சிதைக்கும் டயஸ்டேஸையும் குறித்தது. ஒன்று உயிரி, மற்றது வெறும் பொருள். இரண்டையும் பிரித்துப் பேசவே புதுப்பெயர். 1897 இல் ஜெர்மானிய வேதியியலாளர் எடுவார்ட் பூக்னர் ஈஸ்ட்டை மணலோடு அரைத்துப் பிழிந்தார். சாறு கெடாதிருக்கச் சர்க்கரை சேர்த்தபோது குமிழிகள் கிளம்பின. உயிருள்ள ஈஸ்ட் இல்லாமலே சர்க்கரை நொதித்தது!

தமிழில் அந்தப் பழைய குழப்பம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘நொதித்த மாவு’ என்றால் நுண்ணுயிர்கள் வேலை செய்த மாவு. ‘நொதி சேர்த்த மாவு’ அப்படியல்ல. இரண்டும் ஒரே கட்டுரையில் வந்தால் ‘நொதியம்’ என்று எழுதுவதே தெளிவு என்பேன். வினையடியும் பெயரும் அதில் தனித்து நிற்கின்றன. ‘நொதிப்புரதம்’ பொருந்தாது. பெரும்பாலான நொதிகள் புரதங்களே, ஆனால் வேதிவினையை ஊக்கும் ஆர்.என்.ஏ. மூலக்கூறுகளும் உண்டு, அவற்றைக் கண்டறிந்ததற்குத்தான் 1989 இன் வேதியியல் நோபல்.

நொதியின் வேலையைக் கேழ்வரகுக் கஞ்சியில் பார்க்கலாம். கட்டியாகக் காய்ச்சிய கஞ்சியைக் குடிக்கும் சூட்டுக்குச் சற்று மேலே ஆறவிட்டு, முளைகட்டி உலர்த்திய கேழ்வரகு மாவை ஒரு சிட்டிகை கலந்து கிளறினால் சில நிமிடங்களில் கரண்டியிலிருந்து ஒழுகும் பதத்துக்கு இளகும். முளையிலுள்ள அமைலேஸ் மாவுச்சத்தின் நீண்ட சங்கிலிகளை நறுக்குகிறது. கொதிக்கும்போதே போட்டாலும், முளைதானியத்தைக் கருக வறுத்திருந்தாலும் கஞ்சி இளகாது: நொதியின் மடிப்பு, அதாவது அதன் சங்கிலி மடிந்து நிற்கும் வடிவம், சூட்டில் குலைந்துவிடும்.

டயஸ்டேஸின் வால்தான் நொதிப்பெயர்களின் ‘ஏஸ்’ ஈறு. அமைலேஸ், லைப்பேஸ் வரிசையில் அண்மையில் சேர்ந்தது பெட்டேஸ். ஜப்பானின் சக்காய் நகரில் பாட்டில் மறுசுழற்சி ஆலையருகே எடுத்த மாதிரியில் கிடைத்த ஒரு பாக்டீரியா, தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் (PET) பிளாஸ்டிக்கைத் தின்கிறது என்று 2016 இல் அறிவித்தார்கள். அதற்கு உதவும் அதன் நொதிதான் பெட்டேஸ்; தமிழில் ‘பெட் சிதைநொதி’ எனலாம்.

இந்த நொதிக்கும் கேழ்வரகுக் கஞ்சியின் சிக்கல்தான், தலைகீழாக. பெட்டின் சங்கிலிகள் ஏறத்தாழ 70 °C இல்தான் தளர்ந்து இடம்கொடுக்கும். பெட்டேஸோ அந்தச் சூட்டுக்கு முன்பே குலைந்துவிடும். அதனால் பிரான்சின் துலூஸ் நகர ஆய்வாளர்கள் இலைதழை மக்கிலிருந்து கிடைத்த வேறொரு நொதியை எடுத்தார்கள். இலையின் மேற்பூச்சான கியூட்டினைச் சிதைக்கும் கியூட்டினேஸ் அது. நான்கு அமினோ அமிலங்களை மாற்றினார்கள்; அவற்றில் இரண்டு, உலோக அயனி அமரும் இடத்தில் கந்தகப் பாலமாகி மடிப்பை இறுக்கிப் பிடித்தன. 2020 இல் வெளியான முடிவு: ஒரு கிராம் பெட்டுக்கு 3 மில்லிகிராம் நொதி, 72 °C, 10 மணி நேரத்தில் 90 விழுக்காடு சிதைவு.

பாட்டிலை அப்படியே போட்டால் இது நடக்காது. அதன் சுவரில் சங்கிலிகள் படிகமாக நெருங்கி நிற்கின்றன, நொதி உள்ளே நுழைய வழியில்லை. உருக்கிச் சட்டென்று குளிரவைத்துப் படிகத்தன்மையைக் குறைத்து, பொடியாக்கித்தான் போட வேண்டும். சிதைவில் வெளிவரும் டெரிப்தாலிக் அமிலம் கரைசலைப் புளிப்பாக்கி நொதியை முடக்கும். அந்தப் புளிப்பை ஈடுகட்டக் காஸ்டிக் சோடா சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு கந்தக அமிலம் சேர்த்து டெரிப்தாலிக் அமிலத்தைப் பிரித்தெடுக்கும்போது சோடியம் சல்ஃபேட் உப்பு பெருமளவில் மிஞ்சுகிறது. அந்த உப்பை என்ன செய்வது என்பது இத்துறையின் தலைவலிகளில் ஒன்று.

சலவைத்தூள் உறைகளில் ‘என்சைம்’ என்றிருப்பதும் நொதியே. அதில் உயிருள்ள கிருமி எதுவும் இல்லை. புரதக் கறையை நறுக்கும் புரோட்டியேஸ் இருக்கிறது. கொதிநீரில் ஊறவைத்தால் அதுவும் கஞ்சியில் போட்ட முளைமாவின் கதிதான்.