மியாவா, வியாவா?

இருநூறு வருடங்களுக்கு முன், இன்றைய அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் நைஃப் ஆறு மிசௌரி ஆற்றில் கலக்கும் இடத்தில் பழங்குடி மக்களின் மூன்று ஊர்கள் இருந்தன. ஒன்றின் பெயர் ஹிடாட்சா. மற்ற இரண்டு ஊர்க்காரர்களுக்கு வேறு பெயர்கள் இருந்தன. 1837-ல் பெரியம்மை வந்து ஏராளமானோரைக் கொண்டுபோனது. மிஞ்சியவர்கள் 1845 வாக்கில் ஒரே ஊராகக் கூடினார்கள். அப்புறம் அந்த ஒரு ஊரின் பெயரே எல்லோருக்கும் பொதுப்பெயராகிவிட்டது. பக்கத்து மாண்டன் மக்கள் இவர்களை மினிதாரி என்றார்கள். தண்ணீரைக் கடந்து வந்தவர்கள் என்று பொருள். பிரெஞ்சு வணிகர்களோ 'பெருவயிறர்' என்று அழைத்தார்கள். அதற்கு நியாயமான காரணம் எதுவும் தெரியவில்லை, விட்டுவிடலாம்.

பெயரை எழுதிய விதத்தில்தான் சுவாரசியம். பழைய நூல்களில் ஹிடாட்சா. இன்றைய மொழியியலாளர்கள் எழுதுவதோ ஹிராட்சா. நடுவில் இருந்த 'ட' எப்படி 'ர' ஆனது?

எதுவும் மாறவில்லை. கேட்டவர்களின் காதுதான் வேறு. அமெரிக்க ராணுவ மருத்துவர் வாஷிங்டன் மேத்யூஸ் இந்த மொழிக்கு இலக்கணமும் அகராதியும் தொகுத்து 1870-களில் வெளியிட்டார். இவர்கள் பேச்சில் ம, வ, ஆங்கில 'பி' (B) மூன்றும் ஒன்றுக்கொன்று இடம் மாறுகின்றன, ந, ர, ல, ட நான்கும் அப்படியே என்று அவர் அப்போதே கவனித்திருந்தார். அவர்கள் உளறுகிறார்கள் என்று நினைக்காமல் அதைக் குறித்து வைத்ததற்கே அவரைப் பாராட்டலாம்.

வாயில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். இரண்டு உதடுகளையும் முழுதாக மூடி, காற்றை மூக்கு வழியே விட்டால் 'ம'. மூக்கு வழியை அடைத்து, உதடுகளை முழுதாக மூடாமல் குவித்தால் ஆங்கில 'டபிள்யூ' போன்ற ஒரு 'வ'. இரண்டுமே உதட்டு வேலைதான். நுனிநாக்கை மேல் அண்ணத்தில் ஒட்டி மூக்கு வழியே விட்டால் 'ந'. சட்டென்று ஒரு தட்டு தட்டி எடுத்தால் 'ர'. அந்தத் தட்டு கொஞ்சம் அழுத்தமாக விழுந்தால் ஆங்கிலக் காதுக்கு அது 'டி' (D).

தமிழுக்கு இந்த வேறுபாடு உயிர். மாடு வேறு, வாடு வேறு. மரம் வேறு, மனம் வேறு. ஹிடாட்சாவில் 'ம'வும் 'வ'வும் ஒரே ஒலியன், அதாவது அதைப் பேசுவோருக்கு இரண்டும் ஒரே ஒலிதான். சொல்லின் தொடக்கத்தில் வந்தால் 'ம', உயிரொலிகளுக்கு நடுவில் வந்தால் 'வ'. 'ந', 'ர' ஜோடிக்கும் இதே விதி. இடத்தைப் பொறுத்து ஒலி மாறும், பொருள் மாறாது. நாமும் இப்படிச் செய்பவர்கள்தான்: கடல், தங்கம், பகல் என்று சொல்லிப் பாருங்கள். மூன்று 'க'வும் மூன்று விதமாக ஒலிக்கின்றன, ஆனால் சுட்டிக்காட்டும் வரை நமக்கு அது உறைப்பதில்லை.

ஹிடாட்சாவில் பெண்ணுக்கு 'மியா'. அதே சொல் பெயரின் இறுதியில் ஒட்டும்போது 'வியா' ஆகிறது. 1805-ல் லூயிஸ், கிளார்க் இருவரும் தலைமை தாங்கிய அமெரிக்க ஆய்வுப் பயணக் குழுவோடு மேற்கே போன சகாகவியா என்ற பெண்ணின் பெயரில் இருப்பது இதுதான்: 'சகாகா' என்றால் பறவை, சேர்த்தால் பறவைப் பெண். அந்த வருடம் மே மாதம் ஓர் ஆற்றுக்கு அவர் பெயரை வைத்தபோது லூயிஸே இந்தப் பொருளையும் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார். நெருங்கிய உறவு மொழியான க்ரோவில் பெண்ணுக்கு 'பியா', 'பி' ஆங்கில B-யின் உச்சரிப்பில். தண்ணீருக்கு ஹிடாட்சாவில் 'மிரி', மேத்யூஸ் அகராதியில் 'மிடி', க்ரோவில் 'பிலே'. எழுத்தில் எட்டாத தூரம்; வாயில் ஒரு இம்மி வித்தியாசம்.

சகாகவியாவின் பெயரை எப்படி எழுதுவது என்று அமெரிக்காவில் இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை. அவர் உருவத்தோடு 2000-ல் வெளியான டாலர் நாணயத்தைப் பற்றிப் பேசுவோர் பெயரின் இரண்டாவது 'க'வுக்கு 'ஜி' (G) போடுகிறார்கள். வடக்கு டகோட்டாவோ 'கே' (K) போடுகிறது. கேரிசன் அணை 1953-ல் மிசௌரியை மறித்தபோது ஹிடாட்சா, மாண்டன், அரிக்காரா மக்களின் வளமான ஆற்றோர நிலங்களை மூழ்கடித்த ஏரிக்கு அந்த 'கே' எழுத்தில்தான் அவர் பெயர். ஹிடாட்சாவில் இந்த இரண்டு ஒலிகளும் தனித்தனி அல்ல; ஆகவே இரு தரப்பும் சரி. தமிழில் எழுதினால் வழக்கே இல்லை, ஒரே 'க' போதும். 'ஜே' (J) போட்டு எழுதுவோர்தான் மிச்சம். அது 1814-ல் அச்சான பயண நூலிலிருந்து பரவிய வழக்கம். சகாகவியா பிறப்பால் ஷோஷோனி என்ற வேறொரு பழங்குடியைச் சேர்ந்தவர், சிறுமியாக இருந்தபோது ஹிடாட்சா படையினர் பிடித்து வந்தவர். அதனால் அவர் பெயருக்கு ஷோஷோனி மொழியில் பொருள் தேடுவோரும் இந்த 'ஜே'யைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் 'வியா' அங்கே பொருந்தி உட்காருவது போல எனக்குத் தோன்றவில்லை.