நீந்தியபின் அடுக்குத் தும்மல் ஏன்?

கீரிமலைக் கேணியில் நீந்திவிட்டு வந்த மாலையே மூக்கு ஒழுகித் தும்மல் தொடங்கினால், தடிமன் பிடித்துவிட்டது என்போம். தடிமன் வைரசால் வருவது. தொற்றிய பின் வெளிப்படப் பொதுவாக 1 முதல் 3 நாள் செல்லும். ஓரிரு மணித்தியாலத்தில் தொடங்கி மறுநாள் அடங்குவது பெரும்பாலும் மூக்குச் சவ்வின் எரிச்சல்தான்.

எரிச்சலுக்கு முதற் காரணம் உப்பு. நம் உடல் நீரின் செறிவு, லீற்றருக்கு 9 கிராம் உப்புக் கரைத்த நீரின் செறிவுக்குச் சமம். நன்னீரில் உப்பு இதைவிடக் குறைவு என்பதால் நீர் சவ்வின் கலங்களுக்குள் புகுந்து அவற்றை வீங்கவைக்கும். கடல்நீரில் சுமார் 35 கிராம். கசூரினா கடற்கரையில் நீந்தும்போது மூக்கில் ஏறும் நீர் கலங்களிலிருந்து நீரை உறிஞ்சும். இரண்டுமே நரம்பைச் சீண்டித் தும்மலைக் கிளப்பும்.

நீச்சல் தடாகத்தில் குளோரினும் சேர்கிறது. அது வியர்வையோடும் சிறுநீரோடும் கலந்து குளோரமைன் ஆகி, நீந்துபவர் மூச்சிழுக்கும் நீர்மட்டத்திலேயே தங்குகிறது. குளோரமைனின் நெடி தூக்கலான தடாகத்தைச் சுத்தமானது என்று நம்பவேண்டாம். இறங்குமுன் எல்லோரும் ஒரு நிமிடம் உடம்பு கழுவினாலே குளோரமைன் வெகுவாகக் குறையும்.

நீர் ஏறாமல் தடுப்பதே சிறந்த வழி. முகம் நீருக்குள் இருக்கும்வரை மூக்கால் மெதுவாக, விடாமல் மூச்சு விடுங்கள். பலர் மூச்சை அடக்கிக்கொள்கிறார்கள். அந்த இடைவெளியில்தான் நீர் ஏறுகிறது. காலை முன்வைத்துக் குதிப்பவர் நீரைத் தொடுமுன்பே மூச்சை விடத் தொடங்கவேண்டும். மல்லாந்து நீந்துவோருக்கு மூக்குக் கிளிப் நல்லது. கரையேறியதும் குனிந்து, ஒவ்வொரு துவாரமாக மெல்லச் சிந்துங்கள். பலமாகச் சிந்தினால் நீரும் சளியும் நடுக்காதுக்குப் போகலாம்.

பிறகு மூக்கைக் கழுவலாம். 1 லீற்றர் நீரை ஒரு நிமிடமாவது கொதிக்கவிட்டு, இளஞ்சூட்டுக்கு ஆறியதும் அயடீன் சேராத தூள் உப்பு மட்டமாக ஒன்றரைத் தேக்கரண்டியும், அப்பச்சோடா அரைத் தேக்கரண்டியும் கரையுங்கள். குனிந்து வாயால் மூச்செடுத்தபடி மூக்கின் ஒவ்வொரு பக்கத்துக்கும் 100 மில்லிலீற்றர் விட்டால் போதும். எரிந்தால் உப்பின் அளவு பிழை. மீதியை அன்றே வெளியே ஊற்றிவிடுங்கள்.

கிணற்றுநீரை எவ்வளவு தெளிந்திருந்தாலும் கொதிக்கவைக்காமல் மூக்கில் விடவே கூடாது. வெதுவெதுப்பான நன்னீரில் வாழக்கூடிய நெக்லேரியா என்ற அமீபா, குடித்தால் தீங்கு செய்யாது. மூக்கின் வழியே மூளைக்கு ஏறினால் பெரும்பாலும் உயிரைப் பறித்துவிடும்.

அடைப்பு நீக்கும் மூக்குச் சொட்டுமருந்தை 5 நாளுக்கு மேல் விட்டால், அதுவே அடைப்பைக் கூட்டும். இளைப்பு, முகவலி, காய்ச்சல் வந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள்.