சிறுநீரகம் செயலிழந்தவரின் உடலில் உலோக நஞ்சு ஏறினால்

"கிழமையில் இரண்டு மூன்று தரம் இரத்தம் சுத்திகரிக்கிறீர்கள்தானே டொக்டர், அதோடு நஞ்சும் போய்விடாதா?" என்று வன்னியில் நோயாளிகளின் உறவினர்கள் கேட்பதுண்டு. போகாது. இரத்தத்திலுள்ள ஈயத்தில் 95 சதவீதத்துக்கு மேல் செங்குழியங்களுக்குள்ளேயே இருக்கிறது. பாதரசமோ புரதங்களைப் பற்றிக்கொண்டு இழையங்களுக்குள் இறங்கிவிடுகிறது. டயாலிசிஸ் மாத்திரம் அவற்றைப் போதிய அளவு வெளியேற்றாது.

உலோகத்தைப் பிணைத்து வெளியேற்றும் மருந்துகள் இருக்கின்றன. ஆனால் சிறுநீரகம் பழுதானவருக்கு எல்லாம் பொருந்துவதில்லை. ஈயத்துக்குக் கொடுக்கப்படும் கல்சியம் ஈடிடிஏ சிறுநீர் வழியாகவே வெளியேறுவதாலும், அதுவே சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியதாலும், சிறுநீர் நின்றுபோனவருக்கு அதைக் கொடுக்கத் தயங்குகிறோம். தசைக்குள் ஆழமாக ஏற்றப்படும் டைமெர்கப்ரோல் ஓரளவு பித்தத்தின் வழியாகவும் வெளியேறும் என்பதால் இங்கு கைகொடுக்கக்கூடியது. ஆயினும் அது நிலக்கடலை எண்ணெயில் கலந்து வருவதால், கச்சான் ஒவ்வாமை உண்டா என்று முதலில் கேட்கிறோம். மெதில் பாதரசம் என்ற பாதரச வகைக்கு டைமெர்கப்ரோல் ஆகாது, நஞ்சை மூளைக்குக் கொண்டுசெல்லக்கூடும். உலோகத்தைப் பிணைக்கும் டிஎம்பிஎஸ் போன்ற மருந்தைக் கொடுத்து, கூடவே டயாலிசிஸ் செய்யும்போது பிணைந்த உலோகத்தில் ஒரு பகுதியை அகற்ற முடிகிறது.

முல்லைத்தீவுக் கரையில் வலைக்கு ஈயம் வார்ப்பவர்களையும், வீட்டு முற்றத்தில் பழைய பற்றரி உடைத்து உருக்குபவர்களையும் எண்ணியே இதை எழுதுகிறேன். சோறு சமைக்கும் தாச்சியில் ஈயம் உருக்குவதை அடியோடு நிறுத்துங்கள். சிறுநீரக நோய்க்கென்று ஊர்ப்பேர் தெரியாத ஒருவர் பொட்டலத்தில் தரும் செந்தூரத்தையும் பற்பத்தையும் தொடாதீர்கள். முறையாகச் செய்யப்படாதவற்றில் பாதரசமும் ஆர்சனிக்கும் இருக்கக்கூடும். பதிவுபெற்ற சித்த மருத்துவர்களை நான் சொல்லவில்லை.

பரிசோதனையிலும் சிக்கலுண்டு. ஆர்சனிக் சில மணி நேரத்திலேயே இரத்தத்தில் குறைந்துவிடும். பின்னர் சிறுநீரில்தான் தேட வேண்டும், அதுவோ இவர்களிடம் சொட்டாகத்தான் வரும். முந்திய நாள்களில் நண்டோ இறாலோ சாப்பிட்டிருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும், அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

திடீரென்று கடும் வாந்தியோ வயிற்றுளைவோ இரத்தம் கலந்த வயிற்றோட்டமோ வந்தால், தாமதியாமல் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். வலிந்து வாந்தியெடுக்க வைக்க வேண்டாம். மக்னீசியம் கலந்த பேதிமருந்தும் வேண்டாம், அதைக் கழிக்கச் சிறுநீரகத்தால் இயலாது. உட்கொண்ட பொருளின் மீதியையும் கிளினிக் புத்தகத்தையும் கையோடு கொண்டுவந்து, கடைசியாக டயாலிசிஸ் செய்த நாளையும், ஒரு நாளில் எவ்வளவு சிறுநீர் போகிறது என்பதையும் வந்தவுடனேயே சொல்லுங்கள். ஈயத்துக்கான மருந்து முடிந்தபின் எலும்பில் தங்கிய ஈயம் மறுபடி இரத்தத்துக்கு வரும் என்பதால், உடம்பு தேறியிருந்தாலும் சில கிழமைகளில் மீண்டும் இரத்தப் பரிசோதனைக்கு வரவேண்டும்.