இன்டர்வியூ கோட்டுக்காகக் கடன் வாங்காதீர்கள்

கொழும்பில் மென்பொருள் கம்பெனிகளுக்கு ஆள் எடுக்கும் வேலையில் இருக்கிறேன். போன கிழமை இன்டர்வியூவுக்கு வந்த ஒரு தம்பி, வைட்போர்டில் எழுதக் கையைத் தூக்க முடியாமல் நின்றார். இரவல் கோட், தோளில் இறுக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ்ஸில் வந்து வெள்ளவத்தையில் இறங்கி, டையும் கட்டி, 100ஆம் இலக்க பஸ்ஸில் நெரிபட்டு வந்திருக்கிறார். கோட்டைக் கழற்றுங்கள் என்றேன். உள்ளே சேட் நனைந்து கிடக்கிறது என்று மறுத்துவிட்டார். கெட்டிக்காரப் பிள்ளை. தெரிந்த கேள்விகளுக்கே தடுமாறினார். இப்படி எத்தனை பேரைத்தான் பார்ப்பது?

கோட் போட்டால்தான் மதிப்பார்கள் என்று யார் இவர்களுக்குச் சொல்கிறார்கள்? பெரும்பாலும் வீட்டில்தான். வங்கியிலோ கந்தோரிலோ வேலை பார்த்த மாமா ஒருவர் சொல்லியிருப்பார். அவருடைய காலத்துக்கும் அவருடைய துறைக்கும் அது சரி. இங்கே உங்களுக்கு எதிரே உட்காரப்போகிற டீம் லீடே ஜீன்ஸும் கொலர் வைத்த டீ-சேட்டும் போட்டிருப்பார். நான் புள்ளி போடும் தாளில் புரோகிராமிங், பிரச்சினையை அணுகும் விதம், பேசிப் புரியவைக்கும் திறன் எல்லாம் இருக்கின்றன. உடுப்புக்கு இடமே இல்லை. கோட் போட்டதற்காக நான் யாரையும் எடுத்ததில்லை, போடாததற்காக விட்டதும் இல்லை. வேலை இல்லாத பிள்ளைக்காக அம்மா நகையை அடகு வைத்து சூட் தைப்பதைக் கேட்கும்போது கோபம்தான் வருகிறது. தயவுசெய்து வேண்டாம்.

வங்கிகளின் ஐடி பிரிவுகளும் அரச நிறுவனங்களும் வேறு. அங்கே முழுக்கை சேட், டை என்று போவதே நல்லது. எது என்று தெரியவில்லையா? இன்டர்வியூவுக்கு அழைத்த மின்னஞ்சலுக்கே பதில் போட்டுக் கேளுங்கள். அதற்காக யாரும் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டார்கள். "ஸ்மார்ட் காஷுவல்" என்று பதில் வந்தால், கொலர் வைத்த சேட், கிழிசல் இல்லாத நீளக் காற்சட்டை, மூடிய சப்பாத்து, அவ்வளவுதான். புறக்கோட்டையில் வாங்கியதா, பெரிய கடையில் வாங்கியதா என்று எங்களுக்குத் தெரியாது. அயன் பண்ணாதது மட்டும் உடனே தெரியும். அதற்காகக் கசங்கிய டீ-சேட்டும் ரப்பர் செருப்புமாக வந்து, மார்க் சக்கர்பேர்க்கும் டீ-சேட்தானே போடுகிறார் என்று வாதாட வேண்டாம்.

வெளிர் நீலத்திலும் சாம்பலிலும் வியர்வை பளிச்சென்று தெரியும். வெள்ளையோ கடும் நீலமோ போடுங்கள், பருத்தியாக இருக்கட்டும், உள்ளே பெனியன் போடுங்கள். புதுச் சப்பாத்தை அன்றைக்குத்தான் முதன்முதலில் போடாதீர்கள், குதிக்கால் உரிந்துவிடும். முதல் நாளே முழு உடுப்பையும் போட்டு, கையைத் தூக்கி, உட்கார்ந்து எழும்பிப் பாருங்கள்.

தங்கச்சிமாரே, சேலை கட்டாயமில்லை. சல்வார், குர்தா, காற்சட்டையோடு பிளவுஸ், எது உங்களுக்குப் பழக்கமோ அது. பொட்டை அழிக்கவோ ஹிஜாபைக் கழற்றவோ வேண்டியதில்லை. அப்படி எதிர்பார்க்கும் இடம் உங்களுக்கு வேண்டவும் வேண்டாம். ஏசி குளிர் தாங்காதென்றால் ஒரு கார்டிகன் வைத்துக்கொள்ளுங்கள்.

வீடியோ இன்டர்வியூ என்றால் நெருக்கமான கோடு போட்ட சேட் வேண்டாம், கமராவில் அலையலையாக மினுங்கும். கீழேயும் ஒழுங்காக உடுத்துங்கள். சார்ஜரை எடுக்க எழும்பிய ஒருவரைப் பார்த்து நாங்கள்தான் முகத்தைத் திருப்ப வேண்டியிருந்தது.

தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு ஒன்று. பஸ்ஸில் பழைய உடுப்போடு வாருங்கள். நல்ல சேட்டைப் பையில் மடித்து வையுங்கள். முகம் கழுவி, உடுப்பு மாற்ற நேரம் வேண்டுமல்லவா? காலை 9 மணிக்கு அழைத்திருந்தால், இரவு பஸ்ஸில் வருகிறேன், 11 மணிக்கு வைக்க முடியுமா என்று இரண்டு நாள் முன்பே எழுதிக் கேளுங்கள். கேட்டவர்களுக்கு நான் மாற்றிக் கொடுத்திருக்கிறேன்.