ஆறு வினாடியில் காணாமல் போகிறவர்கள்

அந்தப் பெண் நீலக் கோட்டு போட்டிருந்தாள். சக்கர நாற்காலியின் வளையத்தை இரண்டு கையாலும் ஒரு தள்ளு தள்ளிவிட்டுக் கைகளை மேலே தூக்கிச் சிரிப்பாள். நாற்காலி தன்பாட்டுக்கு உருண்டு கேமராவைத் தாண்டிப் போகும். மூன்றாவது டேக் அது. ஃபோகஸ் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்து பிடிக்கும், அதனாலேயே அந்த ஷாட்டில் உயிர் இருந்தது. 60 வினாடி உடை விளம்பரப் படத்தில் மொத்தம் ஒன்பது பேர். அவளுக்கு மட்டும் நாலரை வினாடி கொடுத்திருந்தேன். கிளையண்ட் தரப்பில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

30 வினாடிக்குச் சுருக்கியபோது அவளுக்கு இரண்டு வினாடி மிஞ்சியது. 15 வினாடியில், நாற்காலி ஃபிரேமுக்குள் வராமல் தோளும் சிரிப்பும் மட்டும். 6 வினாடியில் அவள் இல்லை.

அவளை எடுத்துவிடுங்கள் என்று யாரும் வாய்திறந்து சொல்லவில்லை. "கோட்டு முழுசா தெரியணும் மேடம், நிக்கிற ஷாட் ஏதாவது இருந்தா வைங்களேன்" என்றார்கள். நின்றுகொண்டிருந்தது உயரமான, ஒல்லியான, வெளிர்நிறப் பெண். வைத்தேன். வெட்டியது என் கைதான்.

விளம்பரப் படங்களைத் தொகுப்பது என் தொழில். பதினான்கு வருடமாகிறது, அதில் பாதிக்குமேல் உடை விளம்பரங்கள். நீங்கள் ஒரு விளம்பரம் என்று நினைப்பது எங்கள் மேசையில் எட்டு வடிவங்கள்: 60, 30, 15, 6 வினாடிகள், ஒவ்வொன்றுக்கும் படுக்கைவாட்டில் ஒன்று, போனுக்காக நெடுக்குவாட்டில் ஒன்று. யூடியூப் 2016இல் தாண்டிப்போக முடியாத ஆறு வினாடி விளம்பரத்தைக் கொண்டுவந்த பிறகு அந்தக் குட்டி வடிவம் இல்லாத வேலையே எனக்கு வருவதில்லை. 60 வினாடிப் படம் நிறுவனத்தின் சொந்தப் பக்கத்துக்கும் விருதுப் போட்டிக்கும் போகும். காசு கொடுத்து உங்கள் கண்ணுக்கு முன்னால் தள்ளப்படுவது பெரும்பாலும் குட்டிதான். எல்லாருக்கும் இடமுண்டு என்கிற பேச்செல்லாம் நீளமான வடிவத்தில் குடியிருக்கும், சுருக்கச் சுருக்க ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கிப் போவார்கள். கடைசியில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். அந்த நிறுவனம் தன் வாடிக்கையாளர் என்று மனதில் வைத்திருப்பது அவரைத்தான்.

சுருக்குவது ஆளை நீக்குவதோடு நிற்காது, சில நேரம் அர்த்தத்தையே தலைகீழாக்கும். உடை விளம்பரம் இல்லை என்றாலும், 2017 அக்டோபரில் டவ் நிறுவனத்துக்கு நடந்ததை எங்கள் துறையில் யாரும் மறக்கமாட்டார்கள். கருப்பினப் பெண் ஒருவர் மேல்சட்டையைக் கழற்ற, உள்ளிருந்து வெள்ளைப் பெண் வருவதுபோல ஃபேஸ்புக்கில் ஒரு துண்டுக் காட்சி. கழுவினால் வெளுக்கும் என்கிற பழைய சோப்பு விளம்பர வாசனை அதில் அடித்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டு அதை நீக்கியது. தொலைக்காட்சிக்கான முழு வடிவத்தில் இன்னும் பல பெண்கள் இருந்தார்கள், அங்கே சொல்லவந்தது புரியும்படி இருந்தது என்று நடித்த பெண்ணே பிறகு எழுதினார். நான் அவரை நம்புகிறேன். எடுக்கும்போது யாருக்கும் கெட்ட எண்ணம் இருந்திருக்க வேண்டியதில்லை. நீளப் படத்தில் பத்திரமாக இருந்த ஒரு கட், துண்டாக்கியதும் வேறொன்றைச் சொல்லிவிட்டது. துண்டுகளைத் தனியாக, முன்பின் தெரியாதவர் கண்ணோடு ஒருமுறை பார்க்க யாருக்கும் நேரமிருந்திருக்காது. எனக்கும் பல நாள் இருந்ததில்லை.

ஆள் இருப்பதும் இல்லாததும் ஒரு பக்கம். இருப்பவருக்கு என்ன வேலை கொடுக்கப்பட்டிருக்கிறது என்பது இன்னொன்று. இதைக் கண்டுகொள்ள எனக்கே வருடங்கள் ஆனது. உடை விளம்பரத்தில் துணியைத் தொடும் ஷாட்டுகள் என்று ஒரு வகை உண்டு. காலரை உயர்த்துவது, ஜிப்பை இழுப்பது, பாக்கெட்டுக்குள் கையை விடுவது. பார்ப்பவருக்குத் தானே அதைப் போட்டுக்கொண்டதுபோல் தோன்றவைப்பது இந்த ஷாட்டுகள்தான். ரஷ்ஷஸை, அதாவது படப்பிடிப்பிலிருந்து வெட்டாமல் வந்த காட்சிகளை, திறந்து பார்த்தால், இவை பெரும்பாலும் ஒன்றிரண்டு பேருக்குத்தான் எடுக்கப்பட்டிருக்கும். பருமனான பெண், முதியவர், ஹிஜாப் அணிந்தவர், செயற்கைக் கால் வைத்தவர் எல்லோருக்கும் ஸ்லோமோஷனில் நடை, காற்றில் முடி, கேமராவைப் பார்த்து ஒரு பெருமிதப் பார்வை. பாக்கெட்டில் சாவியைத் தேட அவர்களை யாரும் விடுவதில்லை. படம் முழுக்க இருப்பார்கள், ஆனால் உடை அவர்களுடையதாக இருக்காது.

நீலக் கோட்டுக்கே வருகிறேன். ரஷ்ஷஸில் கிளாப் அடிப்பதற்கு முந்தைய பகுதியை ஓடவிட்டால் ஒன்று தெரியும். உடை உதவியாளர் குனிந்து கோட்டின் நுனியைச் சுருட்டி அவள் தொடைக்கு அடியில் செருகி ஊக்கு குத்துகிறார். நின்றுகொண்டிருப்பவர்களுக்காக வெட்டிய கோட்டு அது. உட்கார்ந்தால் மடியில் மூட்டையாகக் குவியும், நுனி சக்கரத்தில் சிக்கும். படத்துக்கு ஊக்கு போதும், வாங்கிப் போட்டுக்கொண்டு வெளியே போகிறவளுக்குப் போதாது. உட்கார்ந்திருப்பவர்களுக்கென்று உடை வெட்டுவது நடக்காத காரியமும் இல்லை. டாமி ஹில்ஃபிகர் 2016இல் மாற்றுத்திறனுள்ள குழந்தைகளுக்கும் மறுவருடம் பெரியவர்களுக்கும் காந்தப் பொத்தான் போன்ற மாற்றங்களோடு தனி வரிசையே கொண்டுவந்தது. அதனால் ஒரு படத்தைப் பார்த்து மனம் இளகினால், அடுத்த நிமிடமே அந்த நிறுவனத்தின் அளவுப் பட்டியலைத் திறந்து பாருங்கள். படத்தில் ஆடிய பருமனான பெண்ணின் அளவு அதில் இருக்கிறதா? பல நேரம் இருக்காது. அவளுக்காக இரண்டு சட்டைகளைப் பிரித்து ஒன்றாகத் தைத்ததை நான் ரஷ்ஷஸில் பார்த்திருக்கிறேன்.

நிறத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. வெள்ளை லினன் சட்டையில் ஒரு கருநிற மாடல். சட்டைக்குப் பார்த்து எக்ஸ்போஷர் வைத்தால் முகம் இருட்டில் மூழ்கும், முகத்துக்கு வைத்தால் சட்டை வெளிறி இழை தெரியாது. கேமராமேனுக்கு நேரம் இருந்தால் முகத்துக்கென்று தனியாக ஒரு விளக்கு வைப்பார். உடை விளம்பரத்தில் துணிக்குத்தான் முதல் மரியாதை, ஆகவே முகம் மூழ்கியபடி எங்களிடம் வரும். அப்புறம் நிறத்தைச் சரிசெய்யும் கிரேடிங் அறையில், "மூஞ்சியக் கொஞ்சம் பிரைட் பண்ணுங்க." கொஞ்சம் என்று ஆரம்பித்து, முடியும்போது அந்த ஆள் வேறு ஆளாகியிருப்பார்.

கருந்தோலுக்குக் கலர் சரியாக வராது என்பது சோம்பேறித்தனத்தின் பேச்சு. நிறங்களை வரைபடமாகக் காட்டும் கலரிஸ்ட்டின் வெக்டர்ஸ்கோப் கருவியில் மனிதத் தோல் எல்லாமே ஏறக்குறைய ஒரே கோட்டை ஒட்டித்தான் விழும். மாறுவது பெரும்பாலும் வெளிச்சத்தின் அளவுதான். ஆனால் கருவிகள் யாரை மனதில் வைத்துப் பிறந்தன என்பதற்கு ஒரு பழங்கதை உண்டு. பல பத்தாண்டுகள் கோடாக் நிறுவனம் ஃபிலிம் கழுவும் லேப்களுக்கு அனுப்பிய அளவுகோல் அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைப் பெண்ணின் முகம். ஷர்லி அட்டை என்பார்கள். பின்னாளில் ஃபிலிம் பழுப்பு நிறங்களைச் சரியாக வாங்கத் தொடங்கியதற்கு, மரச்சாமான்களும் சாக்லெட்டும் சரியாக விழவில்லை என்று அவற்றைத் தயாரித்த நிறுவனங்கள் புகார் செய்ததும் ஒரு காரணம். உடல்வடிவத்தையோ தோலையோ மாற்றிய விளம்பரத்தில் அதைச் சொல்லும் முத்திரை இருக்க வேண்டும் என்று நார்வே 2022 ஜூலையிலிருந்து சட்டம் வைத்திருக்கிறது. எல்லா ஊரிலும் அது இருந்திருந்தால் என் பழைய வேலைகளில் எத்தனை முத்திரை வாங்கியிருக்கும் என்று யோசிப்பதுண்டு.

கணினியில் ஆட்களையே உருவாக்கிவிடலாம் என்பது இப்போதைய பேச்சு. லீவைஸ் நிறுவனம் 2023 மார்ச்சில், பலவகை உடல்களையும் நிறங்களையும் காட்ட ஏஐ மாடல்களைப் பரிசோதிக்கப்போவதாக அறிவித்து வாங்கிக் கட்டிக்கொண்டது. கருநிறப் பெண்ணுக்குச் சம்பளம் கொடுக்காமல் கருநிறப் பெண்ணைக் காட்டும் வழி என்று ஜனங்கள் உடனே புரிந்துகொண்டார்கள்.

இனி அறம். நீதியான உடை, பூமிக்கு இதமான உடை என்று படம் பேச ஆரம்பித்தால் நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன். காரணம் ஒரு ஊசி.

தையல் மெஷினில் இரண்டு கைகள். பின்னாலிருந்து பொன்னிற வெளிச்சம், துணி வழுக்கிப் போகிறது. "ஒவ்வொரு தையலிலும் அக்கறை" என்பது வாய்ஸ்ஓவர். என் உதவியாளர் ஸ்பேஸ்பாரைத் தட்டி நிறுத்தினான். "அக்கா, ஊசியில நூலே இல்ல." பெரிதாக்கிப் பார்த்தேன். இல்லைதான். அது செட்டில் போட்ட மெஷின், கைகள் கைமாடலுடையவை, நகமெல்லாம் அவ்வளவு சுத்தம். என்ன செய்தோம் தெரியுமா? எட்டு ஃபிரேம் தள்ளி ஆரம்பித்தோம், விரல் ஊசியை மறைத்துக்கொண்டது. அதே ஹார்ட்டிஸ்க்கில் நிஜத் தொழிற்சாலையிலிருந்து போனில் எடுத்து அனுப்பிய காட்சிகளும் இருந்தன. டியூப்லைட் வெளிச்சம், வரிசை வரிசையாகப் பெண்கள், ஒருத்தி கேமராவை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பக் குனிகிறாள். அந்த ஷாட்டைத் தொடக்கூட எங்களுக்கு அனுமதி இல்லை. "லுக் மேட்ச் ஆகாது" என்றார்கள்.

2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவுக்கு அருகே ராணா பிளாசா கட்டடம் இடிந்து விழுந்து 1,134 பேர் இறந்தார்கள். யாருடைய உடைகள் அங்கே தைக்கப்பட்டன என்பதை இடிபாட்டில் கிடந்த லேபிள்களைப் பொறுக்கித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. என் உடையைத் தைத்தது யார் என்ற கேள்வி உலகம் முழுக்க இயக்கமானது அதற்குப் பிறகு. கேள்வி யார் என்றது, படங்கள் கைகளைக் காட்டின. முகமில்லாத, பெயரில்லாத, பொன்வெளிச்சக் கைகள்.

பன்மையும் அறமும் ஒரே படத்தில் கைகோத்ததற்கு எச்&எம் 2015இல் வெளியிட்ட பழைய துணி மறுசுழற்சிப் படம் நல்ல உதாரணம். ஹிஜாப் அணிந்த மாடல், பருமனான மாடல் என்று பலதரப்பட்டவர்கள் அதில் வந்தார்கள். உடுத்துவதில் விதியே கிடையாது, பழைய உடையைத் திருப்பிக் கொடுப்பதைத் தவிர என்பது செய்தி. ஹிஜாப் பெண் வந்தது சில வினாடிகள்தான், ஆனாலும் உலகச் செய்தியானார். அந்த மகிழ்ச்சியை நான் குறை சொல்லமாட்டேன். தங்களைப் போன்ற ஒருத்தியைத் திரையில் முதல்முறை பார்த்தவர்களுக்கு அது சின்ன விஷயமில்லை. ஆனால் முகங்களின் புதுமையில் படத்தின் நிஜமான கூற்று கேள்வியில்லாமல் உள்ளே போய்விட்டது. உடைக்கான மூலப்பொருளில் திரும்ப உடையாவது 1 சதவீதத்துக்கும் கீழே என்று எலன் மக்ஆர்தர் அறக்கட்டளை 2017இல் எழுதியது. தொகுப்பாளராகச் சொல்கிறேன், முகங்கள் நன்றாக இருந்தால் வாக்கியத்தை யாரும் காதில் வாங்கமாட்டார்கள்.

அதனால் வாக்கியத்தைத் தனியாகப் பிடியுங்கள். திரையின் அடியில் பொடி எழுத்தில் வந்து போவதை நாங்கள் சூப்பர் என்போம், சிலதுக்கு ஒரு வினாடிகூடக் கிடைக்காது. அங்கே படத்தை நிறுத்திப் படியுங்கள். "ஆர்கானிக் பருத்தி" என்றால் எவ்வளவு? காட்ஸ் (GOTS) என்ற ஆர்கானிக் துணிச் சான்றிதழில் ஆர்கானிக் என்று போட 95 சதவீத ஆர்கானிக் இழை வேண்டும், ஆர்கானிக்கால் செய்தது என்று போட 70 போதும். எந்தச் சான்றிதழும் சொல்லாத "ஆர்கானிக்" என்றால் எதுவாகவும் இருக்கலாம். வரிசைக்கு வைக்கிற பெயரும் ஒரு கூற்றுதான். எச்&எம்மின் "கான்ஷியஸ்", டெக்கத்லானின் "எகோடிசைன்" என்ற சொற்களுக்குத் தெளிவான விளக்கம் இல்லை என்று நெதர்லாந்து நுகர்வோர் ஆணையம் கேட்டபோது, 2022இல் இரண்டு நிறுவனங்களும் அவற்றைத் திருத்தவோ நீக்கவோ ஒப்புக்கொண்டன. அறக்காரியங்களுக்கு முறையே 5 லட்சம், 4 லட்சம் யூரோ கொடுக்கவும் சம்மதித்தன. சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்று ஆதாரமில்லாமல் பொதுவாகச் சொல்வதை ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய விதி 2026 செப்டம்பர் 27 முதல் தடுக்கிறது. ஸ்கிரிப்டுகளில் "பசுமை" குறைந்து "பயணம்", "கனவு" என்ற சொற்கள் கூடிவருவதை நான் இப்போதே பார்க்கிறேன். பயணத்தின்மேல் யாரும் வழக்குப் போட முடியாது.

எண்ணைச் சொன்னால் விற்பனை படுத்துவிடும் என்பார்கள். அமெரிக்க உடை நிறுவனமான படகோனியா 2011 நவம்பரில், தள்ளுபடி விற்பனை நாளன்றே, இந்த ஜாக்கெட்டை வாங்காதீர்கள் என்று செய்தித்தாளில் முழுப்பக்கம் போட்டது. ஒரு ஜாக்கெட்டுக்கு 135 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்று அதிலேயே எழுதியிருந்தது. நிறுவனம் இன்றும் இருக்கிறது.

போன வருடம் ஒரு வேலையில், முதல் கூட்டத்திலேயே கேட்டேன்: "ஆறு செகண்ட்ல யார் இருக்கப்போறாங்க?" அறையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். 60 வினாடிக்கு மட்டும்தான் யோசித்திருந்தார்கள். கடைசியில் டைரக்டர்தான் சொன்னார், அப்போ அதையே முதல் நாள் முதல் ஷாட்டாக எடுத்துவிடுவோம் என்று. எழுபது வயதுப் பெண்மணி, மழைச்சட்டை. ஜிப் பாதியில் மாட்டிக்கொள்கிறது, அவர் முணுமுணுத்தபடி கீழே இறக்கி மறுபடி இழுக்கிறார், ஏறுகிறது. லோகோ. அவ்வளவுதான், ஆறு வினாடி, 150 ஃபிரேம். ஜிப் மாட்டுவதுபோல் காட்டலாமா என்று மூன்று நாள் மெயில் ஓடியது. ஓடி முடிந்து அப்படியே வெளியானது.